உள்ளேன் சிஸ்டர்

பாட்டுக் கேட்கிற மெஷின் இல்லைக்கா, இது காது கேட்கிற மெஷின். எல்லாரும் இதையேதான் கேட்பாங்க. இத்தனூண்டு பிள்ளைக்கு பாட்டுப் போட்டுக் காதைக் கெடுக்கிறியேன்னு போன வாரம் ஒரு பெரியவர் என்னைத் திட்டவே செய்தார். சிரித்துவிட்டு வந்துட்டேன். இடது காதுக்கு மட்டும்தான் மெஷின். வலது காது நல்லாக் கேட்கும். மிட்டாய்த் தாளைப் பிரித்தால் ரெண்டு காதுமே கேட்கும் இவனுக்கு.

நீங்களே ஜன்னல் ஓரம் இருங்க. இவன் தூங்கியாச்சு. கால் உங்க மேலே பட்டால் தள்ளி விட்டுருங்க, எழும்ப மாட்டான். கபிலன்னு பேர். மூணு வயது முடிஞ்சாச்சு. ஆளைப் பார்த்தால் ரெண்டுதான் சொல்லுவீங்க.

நீங்க டீச்சர்தானே? சேலை ஓரத்தில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கு, அதான் நினைத்தேன். அப்போ டீச்சர்னே கூப்பிடுறேன். டீச்சரைப் பார்த்தால் எனக்கு ஒன்று கேட்கணும். ஒரே வகுப்பில் ஒரே பேரில் ரெண்டு பிள்ளை இருந்தால் எப்படிக் கூப்பிடுவீங்க? இனிஷியல் சேர்த்துத்தானே? ஆமா. அங்கேயும் அப்படித்தான் கூப்பிட்டாங்க.

எங்கேன்னு சொல்லலையே. பெரியாஸ்பத்திரியில். இப்பவும் அங்கேதான் போறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பாடம் எடுக்கப் போறேன். சிரிக்காதீங்க டீச்சர், நிஜமாத்தான். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவதுவரை படித்த நான், டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பாடம் எடுக்கிறேன். இது ஏழாவது தடவை. மூணு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாங்க. ஏசி போட்ட ஹால், ஒரு பெட்டியில் லட்டும் மிக்சரும் தருவாங்க. இவனையும் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க. கையுறையை ஊதி, கண்ணு மூக்கு வரைந்து பலூன் மாதிரி கொடுப்பாங்க இவனுக்கு. அஞ்சு விரல் கொண்டையோடு ஒரு கோழி.

முதல் தடவை பேசும்போது அழுதுட்டேன். ரெண்டாவது தடவையும் கொஞ்சம். இப்போ எந்த இடத்தில் அவங்க அழுவாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த இடம் வந்தால் மூக்குச் சிந்துறதுக்கு நேரம் கொடுத்து ஒரு நிமிஷம் சும்மா இருப்பேன். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். அலுத்துப் போச்சு டீச்சர். பஸ் பிடிக்கிறதோ, மூத்தவளை எங்க அத்தையிடம் விட்டுட்டு வர்றதோ இல்லை. வேறே என்னமோ ஒரு அலுப்பு. முந்தின நாளே கை காலெல்லாம் கனத்துப் போகும்.

கதை இதுதான். எங்க ஊர் அம்மன் வடிவம்மன். அதனால் வீட்டுக்கு ஒரு வடிவு. சுத்துப்பட்டிக்கெல்லாம் இதே பேர்தான். தெருவில் நின்று ‘ஏட்டி வடிவு’ன்னு ஒரு சத்தம் கொடுத்தால் நாலு வாசலில் தலை தெரியும். இவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு ரத்தம் ரொம்பக் குறைவு. எட்டாம் மாதம் அட்மிட் பண்ணி, ரத்தம் ஊறுகிற மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் பாட்டிலில் ஏத்தினாங்க. டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். அந்த வார்டில் நான் போய்ப் படுத்தபோது எனக்கு முன்னாலேயே ரெண்டு வடிவு படுத்திருக்காளுக. ரா. வடிவு, சு. வடிவு. நான் ம. வடிவு. எங்க வீட்டுக்காரர் பேர் மகராசன். ஒரே சிரிப்பு. வடிவுகளுக்குன்னு தனி வார்டு போடணும்னு எஸ்தர் சிஸ்டர் சொல்லுவாங்க.

எஸ்தர் சிஸ்டர்னா அந்த வார்டு நர்ஸ். ஐம்பது வயதுக்கு மேலே. நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது, அவங்க சிரிப்புத்தான் முன்னாலே வரும்.

மூணாவது பாட்டில் ஏத்துகிற நாள். காலையில் பத்து மணி இருக்கும். பேர் மாறிப் போச்சு. சு. வடிவுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது, அவளுக்கு வலி வரவைக்க ஒரு பாட்டில் போடச் சொல்லியிருந்தாங்க. அது எனக்கு ஏறிடுச்சு. தண்ணி மாதிரி வெள்ளையாகத்தான் இருந்தது. இன்றைக்கு டீ இல்லையோ, வெந்நீர்தானோன்னு நினைத்தேன். கேட்கலை. அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?

ஒரு மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்தது. ரெண்டாவது பிரசவம் பாருங்க, உடம்புக்குப் பழகின வழி. அவங்க பார்த்துப் பாட்டிலைக் கழற்றினபோது பனிக்குடம் உடைஞ்சாச்சு. அன்று சாயங்காலம் இவன் பிறந்தான். எடை ஒரு கிலோ எழுநூறு. அழவே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளே இருபத்து மூணு நாள். அதில்தான் இந்த இடது காது போனது.

இதில் எனக்கு எது வலித்ததுன்னு கேளுங்க. அங்கே ஹாலில் நான் சொல்லுகிறதும் இதுதான். அதுவரைக்கும் என்னை வடிவு வடிவுன்னு கூப்பிட்ட வார்டு, அன்று ராத்திரியோடு ‘பதினாலாம் பெட்டு’ன்னு கூப்பிட ஆரம்பித்தது. சிரிக்கிற நர்சுகள் என் கட்டில் பக்கம் வந்தால் தலையைக் குனிந்துக்கிட்டுப் போனாங்க. எதற்காக டாக்டர் இப்படி முன்னாலேயே பிறந்ததுன்னு கேட்டேன். நின்ற வாக்கிலேயே, “உனக்கு ரத்தம் இல்லைல்லம்மா, சில பேருக்கு இப்படித்தான் நடந்துரும்”னார். பிறகு எதைக் கேட்டாலும் ‘ஒன்றும் இல்லைம்மா, ஒன்றும் இல்லைம்மா’. என் பிள்ளை பெட்டிக்குள்ளே கிடக்கிறான், ஒன்றும் இல்லையாம்.

வீட்டுக்கு வந்தால் எங்க அத்தை. “நீ பப்பாளி தின்னுருப்ப.”

“தின்னலை அத்தை.”

“பழுத்த பழம் ஒண்ணைக் காணோம், அணில் கொண்டுட்டுப் போச்சா?”

மறுநாள் மரத்தையே வெட்டிட்டாங்க. நானும் ஒருவேளை தின்னோமோன்னு யோசிக்க ஆரம்பித்துட்டேன் டீச்சர். குடத்தைத் தூக்கினோமே, அதுவா? குனிந்து வாசல் தெளித்தோமே, அதுவா? ரெண்டு மாதம் ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தேன். பால் கொடுக்கும்போது இவன் முகத்தைப் பார்க்க மாட்டேன். கொன்றிருப்போமே பாவின்னு தோணும்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வெள்ளைச் சேலையோடு எஸ்தர் சிஸ்டர் பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. யாரும் அனுப்பலை. போகக் கூடாதுன்னுகூடச் சொல்லியிருக்காங்க, அவங்க வந்தாங்க. அத்தை கடையில் கலர் சோடா வாங்கி வந்து வைத்தாங்க. சிஸ்டர் அதைத் தொடலை. தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “வடிவு, உனக்கு நான் தப்பான பாட்டிலை ஏத்திட்டேன். பப்பாளியும் இல்லை, ரத்தக் குறைவும் இல்லை. என் கை”ன்னு சொன்னாங்க. கையை நீட்டிக் காட்டினாங்க.

நான் கத்தினேன். கலர் பாட்டிலைத் தட்டி விட்டேன். அவங்க எழும்பலை. “கத்து, நான் கேக்கணும்”னாங்க. கத்தி முடித்து அழுது முடித்த பிறகு, ரெண்டு மாதம் கழித்து முதல் தடவையாக இவன் முகத்தை நல்லாப் பார்த்தேன். மூக்கு எங்க அப்பா மூக்கு. அன்றைக்குத்தான் தெரிஞ்சது. எங்க வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போகணும்னு குதிச்சுக்கிட்டு உள்ளே வந்தவர், அவங்க தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாசலில் போய் நின்னுட்டார். அத்தை மட்டும் பின்பக்கம் போய் அந்த வெட்டின மரத்தடியைப் பார்த்துக்கிட்டு வெகுநேரம் நின்றாங்க.

சொன்னதுக்கு எஸ்தர் சிஸ்டருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? விசாரணை. ‘அடையாளம் சரிபார்க்காமல் மருந்து ஏற்றியது’ன்னு எழுதி, வார்டிலிருந்து மாத்திக் கட்டுக் கட்டுகிற ரூமில் போட்டுட்டாங்க. சொல்லாமல் இருந்தவங்க எல்லாரும் அவங்கவங்க இடத்திலேயே இருந்தாங்க.

ஒரு வருஷம் கழித்து நூர்ஜஹான் டாக்டர் அங்கே தலைமைக்கு வந்தாங்க. பழைய பைலில் இதைப் படித்துட்டு, “தப்பு பண்ணா மூடுறதுதான் இங்க பழக்கமா இருக்கு. தப்புப் பண்ணின பிறகு நோயாளிகிட்ட எப்படிப் பேசணும்னு இவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. நீ வந்து சொல்லுவியா வடிவு?”ன்னு கேட்டாங்க. இப்படித்தான் நான் வாத்தியார் ஆனது.

அங்கே ஒரு நாடகம் மாதிரி நடத்துவாங்க. ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் நோயாளி. முதல் தடவை ஒரு சின்ன வயசு டாக்டர் எழும்பி நின்று, “தவிர்க்க இயலாத காரணத்தால் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்”னார்.

“சார், பஸ் லேட்டுன்னு சொல்லுத மாதிரி இருக்கு”ன்னேன்.

ஹாலே சிரித்தது. அந்த டாக்டரும் சிரித்தார். “வேற எப்படிம்மா சொல்ல?”

“முதல்ல உக்காருங்க சார். நின்னுக்கிட்டுச் சொன்னா, எப்படா ஓடலாம்னு நிக்கிற மாதிரி இருக்கு.”

உட்கார்ந்தார். “உங்களுக்குத் தப்பான மருந்து ஏறிடுச்சும்மா.”

“அது எப்படி சார் தானா ஏறும்? மழை வந்துருச்சு, பால் பொங்கிருச்சு, அதெல்லாம் தானா நடக்கிறது. பாட்டில் தானா வந்து ஏறுமா? நாங்க தப்பா ஏத்திட்டோம்னு சொல்லுங்க.”

அவருக்கு வாயில் வரவே இல்லை டீச்சர். மூணு தடவை திணறினார். ‘ஏத்த... ஏறி... ஏத்திட்டோம்.’ சொல்லி முடிக்கும்போது அவருக்கு முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. நூர்ஜஹான் டாக்டர் உடனே போர்டில் எழுதிட்டாங்க: ‘நடந்துருச்சு’ன்னு சொல்லாதீங்க, ‘செஞ்சுட்டோம்’னு சொல்லுங்க. இப்போ அதை அச்சடித்து எல்லா வார்டிலும் ஒட்டியிருக்கு. அடியில் சின்னதாக என் பேர். ம. வடிவு.

பலன் இல்லாமல் இல்லை. போன மாதம் ஒரு நர்ஸ், காய்ச்சல் மருந்தை ஒரு பிள்ளைக்கு ரெண்டு பங்கு கொடுத்துட்டு, பத்தாவது நிமிஷம் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிட்டாளாம். அந்த அம்மா அரை மணி நேரம் கிழி கிழின்னு கிழித்துட்டு, “சரி, இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு”ன்னு கேட்டுச்சாம். பிள்ளை நல்லாயிருக்கு. ரெண்டு பேரும் இப்போ போனில் பேசிக்கிறாங்களாம். அதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனாலும் அலுப்பு போகலை. ஒவ்வொரு கூட்டத்திலும் எனக்குப் பிறகு எஸ்தர் சிஸ்டர் எழும்பிப் பேசுவாங்க. “நான் அன்னைக்கு அவ பேரைக்கூடக் கூப்பிடாம மாட்டிட்டேன். முப்பது வருஷ சர்வீஸ். எப்படி அப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியலை”ன்னு சொல்லுவாங்க. ஏழு தடவையா ஒரே வார்த்தை. இல்லை, ஆறு. இன்றைக்கு ஏழாவது. அந்த இடம் வரும்போது நான் இவனுக்கு லட்டைப் பிய்த்து ஊட்டிக்கிட்டு இருப்பேன்.

நேற்று போன் பண்ணினாங்க. “வடிவு, நாளைக்கு மீட்டிங் முடிஞ்சதும் விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துரப் போறேன்.”

“ஏன் சிஸ்டர்? இன்னும் நாலு வருஷம் இருக்கே.”

“நூர்ஜஹான் டாக்டர் வார்டுக்குத் திரும்பி வரச் சொல்றாங்க. முடியாது வடிவு. பாட்டிலைத் தொட்டா கை ஆடுது. வீட்டுல காப்பிக்குச் சீனி போடக்கூட டப்பாவை ரெண்டு தடவை பாக்குறேன். பேர் கூப்பிடாம மாட்டின கை இது. நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கு மாட்டாதுன்னு என்ன நிச்சயம்?”

வச்சுட்டாங்க. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை.

நீங்க எங்கே இறங்கணும் டீச்சர்? நான் அடுத்ததுக்கு அடுத்தது. உங்களிடம் சொன்னால் என்ன, நீங்க எந்த ஊரோ, நான் எந்த ஊரோ.

அவங்க பேர் கூப்பிட்டாங்க டீச்சர்.

வாசலில் நின்று, பாட்டிலைக் கையில் வைத்துக்கிட்டு, “சு. வடிவு யாரும்மா?”ன்னு சத்தமாகத்தான் கேட்டாங்க. அந்த சு. வடிவு பாத்ரூம் போயிருந்தாள். எங்க அப்பா பேர் சுடலைமுத்து. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை நான் சு. வடிவுதான். கல்யாணம் முடித்துத்தான் ம. பத்து வருஷம் தினமும் காலையில் அந்தப் பேரைக் கேட்டால் என்ன சொல்லுவோமோ, அது வாயில் வந்துருச்சு. ‘உள்ளேன் சிஸ்டர்’னு. கையையும் தூக்கிட்டேன். வார்டே சிரித்தது. எஸ்தர் சிஸ்டரும் சிரித்துக்கிட்டே வந்து மாட்டினாங்க. அந்தச் சிரிப்பில் அவங்களும் கட்டிலில் தொங்கின பேர் அட்டையைப் பார்க்கலை, நானும் அவங்க எந்த வடிவைக் கேட்டாங்கன்னு யோசிக்கலை.

இதை ஏன் சொல்லலைன்னா, யாரும் கேட்கலை டீச்சர். கேட்டால் சொல்லியிருப்பேன். அதுவும் இல்லாமல் இதில் என் தப்பு என்ன இருக்கு? ஆயிரம் பேர் உள்ளேன்னு சொன்னாலும் நர்ஸ் அட்டையைப் பார்த்துத்தான் மருந்து போடணும். நூர்ஜஹான் டாக்டரே சொல்லுவாங்க. இப்போ போய்ச் சொன்னால் என்ன ஆகப்போகுது? போன காது வரவா போகுது? சும்மா அவங்க மனசுதான் கஷ்டப்படும். எங்க அத்தைக்குத் தெரிந்தால், பப்பாளி மரத்தையும் சேர்த்து என் தலையில் வைப்பாங்க. போர்டில் என் பேர் வேறே இருக்கு.

இல்லை. ஒரு தடவை கேட்டாங்க. எஸ்தர் சிஸ்டர்தான். விசாரணைக்கு முன்னாலே வீட்டுக்கு வந்து, “நான் பேர் கூப்பிட்டேனா வடிவு? எனக்கு அந்த நேரமே மனசுல இல்லை. நீ சொல்லு”ன்னாங்க. இவன் அப்போ மடியில் இருந்தான், இத்தனூண்டு. நான் இவனைப் பார்த்துக்கிட்டே, நினைவில்லை சிஸ்டர்னு... அப்படி வந்துருச்சு வாயில். அவ்வளவுதான். தானாக...

என்ன டீச்சர்?

என்ன கேட்டீங்க? பஸ் சத்தத்தில் சரியாக விழலை.

தானா வந்துருச்சா, நீ சொன்னியான்னா கேட்டீங்க?

நல்ல கேள்வி கேட்டீங்க போங்க. இவ்வளவு நேரம் பேசாமல் வந்தீங்க, கேட்டது இது ஒன்றுதான். டீச்சர்னாலே இப்படித்தான். எங்க கணக்கு டீச்சரும் வகுப்பு முழுவதும் சும்மா இருந்துட்டு, மணி அடிக்கும்போது என்னை எழுப்பி ஒன்று கேட்பாங்க.

கபிலா, எழும்புடா, இறங்கணும். மெஷின் கழன்றிருக்கு பாரு, இரு, மாட்டி விடுறேன்.

ஸ்டாப் வந்தாச்சு. அந்தா நிற்கிறாங்க, கறுப்புக் குடை. எனக்காகத்தான். ஒவ்வொரு தடவையும் இந்த வெயிலில் வந்து நிற்பாங்க, வேண்டாம்னாலும் கேட்க மாட்டாங்க. கையில் ஒரு பழுப்புக் கவர் இருக்கு, பார்த்தீங்களா? எழுதியே கொண்டுவந்துட்டாங்க போலிருக்கு. ஜன்னல் ஜன்னலாகத் தேடுறாங்க. வடிவு, வடிவுன்னு கூப்பிடுறாங்க, கேட்குதா?

கொஞ்சம் தலையைத் தள்ளிக்கோங்க டீச்சர்.

உள்ளேன் சிஸ்டர்!

கேட்டுருச்சு. அப்படியே நின்னுட்டாங்க பாருங்க. சிரிக்கவும் இல்லை. குடை சாய்ந்து முகத்தில் வெயில் அடிக்குது, நிமிர்த்தலை. என் கையையே பார்க்கிறாங்க. தூக்கின கையை நான் இன்னும் இறக்கலை.

கண்டக்டர், ஆள் இறங்கணும், விசில் ஊதிராதீங்க! அந்தப் பையை எடுத்துக் கொடுங்க டீச்சர். போயிட்டு வாரேன்.

இந்தத் தடவை வாயில் வரலை டீச்சர். நான்தான் சொன்னேன்.